கெட்டுப்போன கிணறு தானாகத் தேறுமா?

"சாயப்பட்டறையை மூடிவிட்டார்கள். தோல் பதனிடும் ஆலையின் கழிவு நீரும் இப்போது வருவதில்லை. ஊர்ச் சாக்கடையையும் வேறு பக்கம் திருப்பியாகிவிட்டது. இனி என் கிணறு தேறுமா? தேறும் என்றால் எத்தனை வருடமாகும்?" தொழிற்சாலைகளுக்கும் நகரங்களுக்கும் அருகில் பயிர் செய்யும் உழவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "இரண்டு நல்ல மழை பெய்தால் போதும், சரியாகிவிடும்" என்று சிலர் சொல்கின்றனர். "ஒருமுறை கெட்ட கிணறு கெட்டதுதான்" என்று வேறு சிலர் சொல்கின்றனர். இரண்டுமே எல்லாக் கிணறுகளுக்கும் பொருந்தாது.

கணிப்புத் தவறினால் நஷ்டம் உழவருக்கே. தேறாத கிணற்றை நம்பிக் கடன் வாங்கி வாழை நட்டவர் முதலை இழக்கிறார். தேறக்கூடிய கிணற்றைத் தேறாது என்று எண்ணியவர் நிலத்தைக் குறைந்த விலைக்கு விற்றுவிடுகிறார். ஆகவே, நிலத்தடி நீரில் கலந்த மாசு இயற்கையாக அழிகிறதா இல்லையா என்பதைக் கணிக்கும் முறையை உழவர்கள் அறிந்திருப்பது மிகவும் அவசியம்.

பாதிப்பின் அளவு

வடஆற்காடு தோல் ஆலைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற வேளாண்மைப் பல்கலைக்கழக வேலூர் ஆராய்ச்சி மையத்தின் கணிப்பு அத்தீர்ப்பில் எடுத்துக் காட்டப்பட்டுள்ளது. திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் பார்வையிட்ட 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன என்ற விவரமும் அதில் உள்ளது. நொய்யல் ஆற்றில் 1992-இல் பாசனத்திற்கெனத் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியதை யாவரும் அறிவர். திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவு வருவது நின்ற பிறகு கிணறு என்ன ஆகும் என்பது இப்பகுதி உழவர்களின் வாழ்க்கைப் பிரச்சினையாகும்.

குறைவது வேறு, அழிவது வேறு

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கிணற்று நீரில் மாசின் அளவு குறைவதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, நீர்த்துப்போதல். மழை நீர் இறங்கிக் கலப்பதால் அளவு குறைகிறது. ஒரு செம்பு மோரில் இரண்டு செம்பு நீர் விட்டால் புளிப்பு குறையும். மோர் எங்கும் போய்விடவில்லை. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது மாசு மீண்டும் அதிகரிக்கும்.

இரண்டாவது, ஒட்டிக்கொள்ளுதல். சில பொருட்கள் களிமண்ணிலும் மக்கிலும் ஒட்டிக்கொள்கின்றன. நீரில் தென்படாவிட்டாலும் மண்ணில் இருக்கும். மண்ணின் கார அமில நிலை மாறினால் மீண்டும் நீருக்கு வரலாம்.

மூன்றாவது, சிதைந்து அழிதல். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மாசை உணவாகக் கொண்டு, அதைக் கரியமில வாயு, நீர் போன்ற எளிய பொருட்களாக மாற்றிவிடுகின்றன. இதுவே உண்மையான அழிவு.

பரிசோதனை நிலையத்திலிருந்து வரும் சீட்டில் எண் குறைந்திருப்பதை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. இம்மூன்றில் எதனால் குறைந்தது என்று பிரித்தறிய வேண்டும். கணிப்பு முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

மண்ணுக்குள் நடப்பது என்ன?

எருக்குழியில் சாணமும் குப்பையும் மக்குவதை உழவர்கள் அறிவார்கள். நிலத்தடி நீரிலும் அதே வேலைதான் மெதுவாக நடக்கிறது. நுண்ணுயிர்களுக்கு உணவும் வேண்டும், சுவாசிக்கப் பிராணவாயுவும் வேண்டும். நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை முதலில் பயன்படுத்துகின்றன. அது தீர்ந்ததும் ஒருசார் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டில் உள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்கின்றன. நைட்ரேட்டும் தீர்ந்தால் மண்ணிலுள்ள மாங்கனீஸ், இரும்பு ஆகியவற்றின் துருவைப் பயன்படுத்துகின்றன. அதன் பிறகு சல்பேட், கடைசியாகக் கரியமில வாயு என்று வரிசையாகப் போகின்றன. கடைசிக் கட்டத்தில் சாண எரிவாயுக் கலத்தில் உண்டாகும் மீத்தேன் வாயுவே இங்கும் உண்டாகிறது.

இந்த வரிசை நீரில் தடயம் விட்டுச் செல்கிறது. அத்தடயங்களைக் கொண்டு சிதைவு நடக்கிறதா என்று கண்டுகொள்ளலாம்.

எது அழியும், எது அழியாது?

ஜவ்வரிசி ஆலைக் கழிவு, சர்க்கரை ஆலைக் கழிவு, ஊர்ச் சாக்கடை ஆகியவற்றிலுள்ள மாவுப்பொருள், சர்க்கரை, புரதம் முதலியன எளிதில் சிதையும். பெட்ரோல், டீசல் ஆகியவற்றின் நீரில் கரையும் பகுதியும் சிதையக்கூடியதே.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் பெமிட்ஜி என்ற ஊருக்கருகே 1979 ஆகஸ்டில் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்து, ஏறத்தாழ 17 லட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டியது. அப்புறப்படுத்தியது போக ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர் நிலத்திலேயே தங்கிவிட்டது. 1983 முதல் அந்நாட்டு அரசின் நிலவியல் ஆய்வுத் துறை அவ்விடத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தது. எண்ணெயிலிருந்து கரைந்த நச்சுப் பொருட்கள், நிலத்தடி நீர் நகர்ந்த தூரத்தில் பாதிகூடச் செல்லவில்லை. வழியிலேயே நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்துவிட்டன. ஆனால் நீர்மட்டத்தில் மிதக்கும் எண்ணெய் பல பத்தாண்டுகள் கழித்தும் தீரவில்லை. இயற்கை வேலை செய்கிறது. ஆனால் அவசரப்படுவதில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

நைட்ரேட் நடுத்தரமானது. பிராணவாயு இல்லாத, மக்குச் சத்துள்ள இடத்தில் அது நைட்ரஜன் வாயுவாகி வெளியேறும். காற்றோட்டமுள்ள மணற்பாங்கான நிலத்தில் அப்படியே தங்கிவிடும்.

உப்பு அழியாது. சோடியம், குளோரைடு ஆகியவற்றை உண்டு தீர்க்கும் நுண்ணுயிர் எதுவுமில்லை. தோலைப் பதப்படுத்தவும் துணிக்குச் சாயமேற்றவும் உப்பு ஏராளமாகப் பயன்படுவதால், பாலாற்றுப் பகுதியிலும் நொய்யல் பகுதியிலும் கிணறுகளைக் கெடுத்ததில் பெரும் பங்கு உப்புக்கு உண்டு. மழை நீர் அடித்துச் சென்றால்தான் அது குறையும். அடித்துச் செல்லப்பட்ட உப்பும் கீழ்ப்பக்கத்துக் கிணற்றுக்கோ ஆற்றுக்கோதான் போய்ச் சேரும்.

குரோமியம் அழியாது, உருமாறும். மஞ்சள் நிறமான, நீரில் கரையும், கொடிய நச்சுத்தன்மையுள்ள வடிவம் ஒன்று. மண்ணில் ஒட்டிக்கொள்ளும், நச்சு குறைந்த வடிவம் மற்றொன்று. மக்கும் இரும்பும் உள்ள மண்ணில் முதல் வடிவம் இரண்டாவதாக மாறும். மாங்கனீஸ் துரு மிகுந்த மண்ணில் மீண்டும் பழைய வடிவத்திற்குத் திரும்பவும் கூடும்.

சாய விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. பிராணவாயு இல்லாத நீரில் பலவகைச் சாயங்கள் நிறமிழந்துவிடும். ஆனால் சாயம் உடையும்போது உண்டாகும் அமீன் வகைப் பொருட்களில் சில புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. பூச்சிமருந்துகளிலும் இவ்வாறு நிகழ்வதுண்டு. டி.டி.டி. சிதைந்து டி.டி.இ. என்ற பொருளாகிறது, அது டி.டி.டி.யைப் போலவே நெடுங்காலம் நிலைத்து நிற்கும். எனவே நிறம் போய்விட்டது, வாடை போய்விட்டது என்பதற்காக நீரைக் குடிக்கத் தொடங்குவது ஆபத்தாகும்.

உப்பே அளவுகோல்

அழியாத உப்பே, மற்ற மாசு அழிகிறதா என்று காட்டும் அளவுகோலாகவும் உதவுகிறது. குளோரைடு சிதைவதில்லை, மண்ணில் அதிகம் ஒட்டுவதும் இல்லை. நீரோடு கூடவே செல்லும். ஆகவே குளோரைடு குறைந்தால் அது நீர்த்ததனால் குறைந்தது என்று கொள்ளலாம். குளோரைடைவிட வேறொரு மாசு வேகமாகக் குறைந்திருந்தால், அந்த மாசு அழிந்திருக்கிறது அல்லது மண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நைட்ரேட் மண்ணில் அதிகம் ஒட்டாததால், அதன் கணக்கைத் தெளிவாகப் போட்டுப் பார்க்கலாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். சாக்கடைக் குட்டைக்கு மேட்டுப் பக்கத்தில் கெடாத கிணறு ஒன்று உள்ளது. அதில் லிட்டருக்குக் குளோரைடு 100 மில்லிகிராம், நைட்ரேட் 10 மில்லிகிராம். குட்டையை ஒட்டிய கிணற்றில் குளோரைடு 900, நைட்ரேட் 170. பள்ளத்துப் பக்கத்தில் சற்றுத் தள்ளியுள்ள கிணற்றில் குளோரைடு 500.

இயற்கையாக உள்ள 100-ஐக் கழித்தால் குட்டையோரக் கிணற்றில் மிகுதிக் குளோரைடு 800. பள்ளத்துக் கிணற்றில் 400. அதாவது நீர் சரிபாதியாக நீர்த்திருக்கிறது. குட்டையோரக் கிணற்றில் மிகுதி நைட்ரேட் 160. அதுவும் நீர்த்ததனால் மட்டுமே குறைந்திருந்தால் பள்ளத்துக் கிணற்றில் 80 இருக்க வேண்டும். இயற்கையான 10-ஐச் சேர்த்தால் 90. பரிசோதனையில் 90 என்று வந்தால் அழிவு எதுவும் நடக்கவில்லை. 30 என்று வந்தால், மிகுதி 80-க்குப் பதில் 20-தான் உள்ளது. முக்கால் பங்கு நைட்ரேட் வழியிலேயே அழிந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இக்கணக்கில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சாக்கடையிலுள்ள தழைச்சத்து முதலில் அம்மோனியாவாக இருக்கும், பிறகே நைட்ரேட்டாகும். எனவே அம்மோனியாவையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும். அடுத்து, மூரியேட் ஆப் பொட்டாஷ் உரத்தில் குளோரைடு உண்டு. யூரியா நைட்ரேட்டாக மாறும். ஆகவே உரமிட்டுப் பாய்ச்சிய சமயத்தில் மாதிரி எடுக்கலாகாது.

கிணறு காட்டும் அடையாளங்கள்

ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து தெளிவாக வரும் நீர் சிறிது நேரத்தில் செம்பழுப்பாக மாறினால் அதில் இரும்பு கரைந்துள்ளது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சல்பேட் பயன்படத் தொடங்கிவிட்டது. கெடாத மேட்டுக் கிணற்றில் இவை இல்லாமல், மாசுபட்ட கிணற்றில் மட்டும் காணப்பட்டால், நிலத்தடியில் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன என்று ஊகிக்கலாம். வேலை நடக்கிறது என்பதற்குத்தான் இவை அடையாளம். வேலை முடிந்து நீர் நல்லதாகிவிட்டது என்பதற்கல்ல. திறந்த கிணற்றில் காற்றுப்படுவதால் இவ்வடையாளங்கள் சரிவரத் தெரியாது. இதற்கு ஆழ்குழாய்க் கிணறே ஏற்றது.

மாதிரி எடுக்கும் முறை

ஒரு கிணற்றை மட்டும் பரிசோதித்துப் பயனில்லை. மேட்டுப் பக்கம் ஒன்று, மாசு புகுந்த இடத்தருகே ஒன்று, பள்ளத்துப் பக்கம் இரண்டு அல்லது மூன்று என்று குறைந்தது நான்கு கிணறுகள் வேண்டும். பாறைப்பாங்கான பகுதிகளில் நீர் வெடிப்புகளின் வழியே ஓடுவதால், பக்கத்துக் கிணறு தப்பித்து, தூரத்துக் கிணறு கெடுவதும் உண்டு. அங்கே கிணறுகளின் எண்ணிக்கை அதிகமாக இருத்தல் நலம். பக்கத்து நிலத்துக்காரர்கள் ஐந்தாறு பேர் ஒன்றுகூடிச் செய்தால் செலவும் குறையும்.

1. மோட்டாரைக் கால்மணி நேரம் ஓடவிட்ட பிறகு வரும் நீரைப் பிடிக்கவும்.

2. சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, காற்றிடம் இல்லாமல் நிரப்பி மூடவும். எண்ணெய் மாசு இருந்தால் கண்ணாடிப் பாட்டில் தேவை.

3. பெயர், சர்வே எண், கிணற்றின் ஆழம், நீர்மட்டம், தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டவும்.

4. பனிக்கட்டியில் வைத்து அன்றே பரிசோதனை நிலையத்தில் சேர்க்கவும்.

5. வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் ஒருமுறை, கோடையின் கடைசியில் மே மாதம் ஒருமுறை என்று ஆண்டுக்கு இருமுறை எடுக்கவும். ஜனவரி அளவை ஜனவரி அளவோடும், மே அளவை மே அளவோடும்தான் ஒப்பிட வேண்டும். மே மாத அளவையும் மறு ஜனவரி அளவையும் ஒப்பிட்டு, கிணறு தேறிவிட்டது என்று முடிவு செய்வது தவறு.

வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரின் உப்பு நிலையையும் கார அமில நிலையையும் அறியலாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடங்களில் குளோரைடு, நைட்ரேட், இரும்பு ஆகியவற்றை அறியலாம். குரோமியம், சாயத்தின் சிதைவுப் பொருட்கள் போன்றவற்றிற்குச் சிறப்பு வசதியுள்ள பரிசோதனைக் கூடம் தேவை.

எத்தனை வருடமாகும்?

ஒரே மாதத்தில் எடுத்த அளவுகள் மூன்று ஆண்டுகளுக்காவது கையில் இருந்தால்தான் இதைச் சொல்ல முடியும். மிகுதி நைட்ரேட் முதல் ஆண்டு 160, அடுத்த ஆண்டு 80, மூன்றாம் ஆண்டு 40 என்று பாதி பாதியாகக் குறைந்தால், நான்காம் ஆண்டு 20-ஐ ஒட்டி இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். 160, 120, 115 என்று இறங்கி நின்றுவிட்டால், மாசு இன்னும் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. கழிவுக் குழி, சேறு, குப்பைக் குவியல் எதையாவது விட்டுவைத்திருக்கிறார்களா என்று தேட வேண்டும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் ஆலை நின்று பல ஆண்டுகள் கழித்தும் மழையில் கரைந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. ஆலையின் கதவை மூடினால் மட்டும் போதாது. மாசின் மூலத்தையே அப்புறப்படுத்த வேண்டும். இது நடக்காத இடத்தில் இயற்கையை நம்பிக் காத்திருப்பதில் பொருளில்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1999-இல் வெளியிட்ட நெறிமுறையும் இதையே வலியுறுத்துகிறது. இயற்கையாக அழியும் என்று சொன்னால் அதற்குச் சான்று வேண்டும். மூலத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். "இயற்கையே சரிசெய்துவிடும்" என்று யாராவது உழவர்களிடம் சொன்னால், எந்தக் கிணறுகளில், எந்த மாதங்களில், எத்தனை ஆண்டுகள் பரிசோதித்த எண்களைக் கொண்டு சொல்கிறீர்கள் என்று கேட்க உழவர்களுக்கு உரிமை உண்டு.

காத்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டியவை

நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் உள்ள நீரைக் குடிக்கக் கூடாது. கைக்குழந்தைகளுக்குப் பால்மாவு கரைக்க அறவே உபயோகிக்கக் கூடாது. காய்ச்சினால் நைட்ரேட் போகாது. நீர் சுண்டுவதால் அதன் செறிவு கூடும்.

நைட்ரேட் மட்டுமே மாசாக இருந்தால் அந்நீரைப் பயிருக்குப் பாய்ச்சலாம். 90 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள நீரை ஏக்கருக்கு ஓர் அங்குலம் பாய்ச்சினால் சுமார் 2 கிலோ தழைச்சத்து நிலத்தில் சேரும். இரண்டு அங்குல வீதம் 12 தண்ணீர் பாய்ச்சினால் 48 கிலோவுக்கு மேல் சேரும். இதற்கேற்ப யூரியாவைக் குறைத்துக்கொண்டால் உரச் செலவு மிச்சம். பயிர் நைட்ரேட்டை எடுத்துக்கொள்வதால் கிணறும் மெல்லத் தேறும். யூரியாவைக் குறைக்காமல் இட்டால் மிஞ்சியது மீண்டும் கிணற்றுக்கே இறங்கும்.

உப்பு நீராக இருந்தால் பயிரை மாற்றுவதே வழி. நீரின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 0.7 டெசிசைமனைத் தாண்டினாலே பீன்ஸ் விளைச்சல் குறையத் தொடங்கும். மக்காச்சோளமும் கரும்பும் 1.1 வரை, நெல் 2.0 வரை, நிலக்கடலை 2.1 வரை, பருத்தி 5.1 வரை தாங்கும். வடிகால் வசதி நன்றாக உள்ள நிலத்திற்கே இவ்வளவுகள் பொருந்தும். சோடியம் மிகுந்த நீரால் மண் இறுகிப்போயிருந்தால், மண் பரிசோதனைப் பரிந்துரைப்படி ஜிப்சம் இட்டு, மழைக் காலத்தில் வரப்பை உயர்த்தி நீரைத் தேக்கி வடிக்க வேண்டும்.

குரோமியம், சாயக்கழிவு, எண்ணெய் ஆகியவை கலந்த நீரைப் பரிசோதனை முடிவு தெரியும்வரை குடிக்கவோ கால்நடைகளுக்குக் காட்டவோ கீரை, காய்கறிகளுக்குப் பாய்ச்சவோ வேண்டாம். மேல்நீர் கெட்டுவிட்டது என்று அதே இடத்தில் ஆழமாகப் போர் போடுவதிலும் அபாயம் உண்டு. மேல்மட்டத்து மாசு அந்தத் துளை வழியே ஆழத்து நல்ல நீருக்கும் இறங்கிவிடும். கைவிட்ட கிணற்றில் குப்பையும் கழிவும் கொட்டுவதை அறவே தவிர்க்க வேண்டும்.

மாசு எங்கிருந்து வந்தது, அது என்ன மாசு, குளோரைடோடு ஒப்பிடும்போது அது வேகமாகக் குறைகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் ஒரு கிணற்றின் எதிர்காலத்தைப் பெருமளவு கணித்துவிடலாம். நிலத்தடி நீர் உழவர்கள் அனைவருக்கும் பொதுவானது. ஒருவர் கிணற்றில் இறங்கிய மாசு நாளை அடுத்தவர் கிணற்றுக்குச் செல்லும். எனவே அக்கம்பக்கத்து உழவர்கள் ஒன்றுகூடி, வரும் ஜனவரியிலிருந்தே ஒரு நோட்டுப்புத்தகத்தில் தங்கள் கிணறுகளின் அளவுகளைக் குறித்துவர வேண்டும். பயிர் வைப்பதானாலும், கிணறு வெட்டுவதானாலும், நஷ்டஈடு கோருவதானாலும் அந்த எண்களே உழவர்களுக்குத் துணை நிற்கும்.